வெடிமருந்தும் வீட்டுப் பெட்டியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவர் ஒருவர்)

நம் கல்லூரி ஆண்டு மலரை நாம் எல்லோரும் 'மேகசின்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். "மேகசினுக்குக் கட்டுரை கொடுத்தாயிற்றா?" என்று தோழர்கள் கேட்கும்போது, அச்சொல் முதலில் எதைக் குறித்தது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. அகராதியைப் புரட்டியபோதுதான் அது 'மக்ஸன்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது என்பதும், பண்டகசாலை என்பதே அதன் பொருள் என்பதும் தெரிந்தன. ஐரோப்பியர் அதனைத் தம் மொழிகளில் ஏற்று, சிறப்பாக வெடிமருந்துக் கிடங்கைக் குறிக்க வழங்கினர். 1731-ல் லண்டனில் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' தோன்றிய பிறகே எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் ஏட்டுக்கும் அப்பெயர் வந்தது. எனவே மேகசினில் மேகசினைப் பற்றி எழுதுவது தவறாகாது என்று துணிந்தேன்.

என்னை எழுதத் தூண்டியது ஒரு வகுப்பறைக் கேள்வி. எரிதலைப் பற்றிப் பாடம் நடத்திக் கொண்டிருந்த எங்கள் பேராசிரியர் திடீரென்று நிறுத்தி, "ஒரு வீட்டில் நாலைந்து கிலோ வெடிமருந்து வைக்க வேண்டியிருக்கிறது. எதில் வைப்பீர்கள்?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் ஒரே குரலில், "இரும்புப் பெட்டியில், சார்!" என்றது. அதில் உரத்த குரல் என்னுடையது. "எல்லோரும் பெயில்" என்று சிரித்தார். மணி அடித்துவிட்டது. "ஏன் என்று தேடிப் படித்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். என்னால் மறக்க முடியவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன்.

யாருக்கு இந்தக் கவலை?

நம் நாட்டில் வீட்டில் உட்கார்ந்து தோட்டா செய்வது வழக்கமில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றமாகும். அமெரிக்காவிலோ இது ஒரு பொழுதுபோக்கு. வேட்டைக்குச் செல்வோரும், குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்வோரும் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே மீண்டும் நிரப்பிக் கொள்கின்றனர். இதனை 'ரீலோடிங்' என்கிறார்கள்.

ஒரு தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பதித்த பொட்டு, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டபின் மற்ற மூன்றும் செலவாகிவிடும். கூடு மட்டும் எஞ்சும். விலை மிகுந்ததும் அதுவே. ஆகையால் அதனைத் துடைத்து, புதுப் பொட்டு வைத்து, மருந்து அளந்து, குண்டு செருகினால் காசு மிச்சம். மருந்தை அவர்கள் 'கிரெயின்' கணக்கில் நிறுக்கிறார்கள். நம்மூர்ப் பொற்கொல்லர் குன்றிமணியால் நிறுத்தது போல, ஆங்கிலேயர் ஒரு காலத்தில் வாற்கோதுமை மணியை எடையாகக் கொண்டனர். அந்தப் பெயர்தான் இன்றும் நிற்கிறது. 7000 கிரெயின் ஒரு பவுண்டு. நீண்ட துப்பாக்கித் தோட்டா ஒன்றுக்கு 50 கிரெயின் செல்லும் என்று வைத்துக் கொண்டால், ஒரு பவுண்டு டப்பாவில் 140 தோட்டாக்கள் நிரப்பலாம். வாரந்தோறும் சுடுபவர் வீட்டில் ஐந்தாறு டப்பாக்கள் இருப்பது வியப்பன்று. அதே வீட்டில் சமையலறை இருக்கிறது, குழந்தைகள் இருக்கிறார்கள். அவற்றை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

இருவகை மருந்துகள்

வெடிமருந்து என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், அவை இரண்டு வேறு பொருள்கள். ஒன்று கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்த கலவை. இது பல நூற்றாண்டுப் பழமை உடையது. சிறு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும். ஆனால் காலத்தால் எளிதில் கெடுவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-ல். அப்போரில் மிஞ்சிய பீரங்கிக் குண்டு ஒன்றைத் துப்புரவு செய்து கொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர், 2008-ல் விர்ஜீனியா மாநிலத்தில் அது வெடித்து உயிரிழந்தார். நூற்று நாற்பது ஆண்டுகள் மண்ணும் ஈரமும் பார்த்த பின்னரும் உள்ளிருந்த மருந்து தன் குணத்தை விடவில்லை.

மற்றொன்று புகையற்ற மருந்து. இது கலவையன்று, நைட்ரோசெல்லுலோஸ் என்னும் சேர்மம். சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேர்ந்திருக்கும். பஞ்சின் செல்லுலோஸோடு நைட்ரிக அமிலம் வினைபுரிந்து உண்டாவது என்று நாம் படித்திருக்கிறோம். 1884-ல் பால் வியே என்ற பிரெஞ்சு வேதியியலார் இதனைத் துப்பாக்கிக்கு ஏற்றவாறு அடக்கிக் கொடுத்தார். இன்று ரீலோடிங் செய்வோர் பெரும்பாலும் பயன்படுத்துவது இதுவே. பழைய முறையில் குழல் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்திருப்போரே பெரும்பாலும் கருமருந்து வாங்குகின்றனர்.

கருமருந்துக்குப் பொறி பகை. புகையற்ற மருந்துக்குப் பகை இரண்டு: ஒன்று அடைப்பு, மற்றொன்று முதுமை. இவ்விரண்டும்தான் இக்கட்டுரையின் பொருள்.

இரும்புப் பெட்டி ஏன் கூடாது?

புகையற்ற மருந்து சிறிதளவு திறந்த வெளியில் எரிந்தால் மஞ்சள் சுடருடன் சீறி எரியும், வெடிக்காது. அதே அளவு மருந்து துப்பாக்கிக் குழலுக்குள் எரிந்தால் ஈயக் குண்டை அரை மைல் தள்ளுகிறது. பொருள் ஒன்றே, இடம்தான் வேறு.

இதன் காரணத்தையும் கணக்கிட்டுச் சொன்னவர் அதே வியே. மருந்துமணி மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. சுற்றியுள்ள அழுத்தம் கூடக் கூட, சுடர் மணியின் மேற்பரப்பை நெருங்கி வருகிறது. நெருங்கிய சுடர் அதிக வெப்பத்தைத் திருப்பி அளிக்கிறது. அதனால் எரியும் வேகம் கூடுகிறது. வேகம் கூடுவதால் வாயு மிகுகிறது. வாயு மிகுவதால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. திறந்த வெளியில் வாயு போய்விடுவதால் இந்தச் சுழல் தொடங்குவதே இல்லை. கனத்த இரும்புப் பெட்டியிலோ வாயு போக வழியில்லை. பெட்டி எவ்வளவு உறுதியானதோ அவ்வளவு நேரம் அது தாங்கும். தாங்கும் நேரமெல்லாம் அழுத்தம் ஏறும். கடைசியில் உடையும்போது இரும்புத் துண்டுகளோடு உடையும். அதாவது நாம் பாதுகாப்புக்கு வாங்கிய பெட்டி பெரிய வெடிகுண்டின் ஓடாக மாறுகிறது. வீட்டில் வேறெதோ காரணத்தால் தீப்பிடித்தாலும், வெப்பம் உள்ளே போய்ச் சேர்ந்தபின் இதுவே நடக்கும்.

நம் வீட்டுக் குக்கரை நினைத்துப் பாருங்கள். வெயிட் அடைத்துக் கொண்டால் குக்கர் வெடிக்காதபடி மூடியில் ஒரு சேப்டி வால்வு வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தை வேண்டுமென்றே எளிதில் உருகும் உலோகத்தால் செய்கிறார்கள். அது முதலில் உருகி வழிவிட்டு மற்றதைக் காப்பாற்றுகிறது.

இந்த அறிவு வெடிமருந்துக்காரர்களுக்குப் பழையது. பாடப்புத்தகத்தில் நாம் ஆக்சிஜனோடு சேர்த்துப் படிக்கும் லவாய்சியே, 1775 முதல் பிரெஞ்சு அரசின் வெடிமருந்து நிர்வாகத்தில் பொறுப்பு வகித்தவர். 1788-ல் எசோன் என்ற ஊரில் புதுவகை மருந்து ஒன்றைச் சோதித்தபோது ஆலை வெடித்து இருவர் மாண்டனர். உடன் சென்றிருந்த லவாய்சியேயும் அவர் மனைவியும் மயிரிழையில் தப்பினர். அவரிடம் தொழில் கற்ற எலூத்தேர் இரேனே துபோன் என்ற இளைஞர் அமெரிக்கா சென்று, 1802-ல் டெலவேர் மாநிலத்தில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் மருந்து ஆலை அமைத்தார். அந்த ஆலைக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. மூன்று பக்கமும் கனத்த கல் சுவர். ஆற்றைப் பார்த்த நான்காவது பக்கமும் கூரையும் மட்டும் இலேசான மரம். வெடித்தால் வெடிப்பு ஆற்றுப்பக்கம் போய்விடும். பக்கத்துக் கட்டடத்துக்குப் போகாது. இதனால் விபத்தே நேரவில்லை என்று சொல்லமாட்டேன். 1818-ல் அங்கே முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆனால் அந்த நான்காவது பக்கம் இல்லாதிருந்தால் சாவு எத்தனை மடங்காகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்த ஆற்றங்கரைச் சுவர்தான் இன்று அமெரிக்க வீடுகளில் மரப்பெட்டியாகச் சுருங்கியிருக்கிறது. அந்நாட்டுத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதிப்படி, 20 பவுண்டு வரை புகையற்ற மருந்தை, விற்பனைக்கு வந்த டப்பாவிலேயே வீட்டில் வைக்கலாம். 20-க்கு மேல் 50 பவுண்டு வரை இருந்தால் ஓரங்குலக் கனமுள்ள பலகையால் ஆன பெட்டி அல்லது அலமாரி வேண்டும். பலகை வெப்பத்தை மெல்லக் கடத்துவது; ஆகவே வெளியே தீப்பிடித்தால் உள்ளே சூடேறக் காலமாகும். உள்ளே பற்றினாலோ, பலகை சீக்கிரம் பிளந்து வழிவிடும். மருந்து விற்கும் டப்பாவே குறைந்த அழுத்தத்தில் பிரிந்துகொள்ளும்படி செய்யப்பட்டதுதான். அதிலிருந்து எடுத்துக் கனத்த கலத்தில் கொட்டி வைப்பவர் அதன் நன்மையை இழக்கிறார்.

குழந்தைகளுக்கும் திருடருக்கும் பூட்டு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். மரப்பெட்டிக்குப் பூட்டுப் போடலாம். அறைக் கதவுக்கும் போடலாம். பூட்டு வேறு, அடைப்பு வேறு.

இங்கே என் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் கிணறு வெட்டும் தொழிலாளி. நான் சிறுவனாக இருந்தபோது, பாறையில் வேட்டு வைக்க வரும் மேஸ்திரி, வேலை முடியும்வரை கருமருந்தை எங்கள் வீட்டில் விட்டுச் செல்வதுண்டு. அப்பா அதனைத் தகர டிரங்குப் பெட்டியில் வைத்து, நாங்கள் தொடக்கூடாதென்று பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொள்வார். கரண்ட் போன இரவுகளில் அந்தப் பெட்டியின் மேல்தான் அம்மா சிம்னி விளக்கை வைப்பார். எதிரில் உட்கார்ந்துதான் நான் வாய்ப்பாடு படித்தேன். வகுப்பில் "இரும்புப் பெட்டி" என்று நான் உரக்கச் சொன்னது புத்தகம் படித்தல்ல. அந்தப் பெட்டியை நினைத்துத்தான்.

எவ்வளவு, எங்கே என்பது

பெட்டி சரியாக இருந்தாலும் அளவு மிஞ்சினால் பயனில்லை. இதற்கு ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரம் ஒரு பாடம். அந்நகரின் நடுவே பழைய கன்னியர் மடம் ஒன்றில் சுமார் 90,000 பவுண்டு மருந்தைச் சேர்த்து வைத்திருந்தனர். 1654 அக்டோபர் 12 அன்று காப்பாளர் மாதிரி எடுக்கக் கதவைத் திறந்தார். நகரின் ஒரு பகுதியே அழிந்தது. கரேல் ஃபாப்ரிட்டியஸ் என்ற ஓவியர், முப்பத்திரண்டு வயதில், தம் ஓவியங்கள் பலவற்றோடு அன்று மாண்டார். அதன்பின் புதிய கிடங்கை நகருக்கு வெளியே கட்டினர். வீட்டுக்கும் இதுவே முறை. படுக்கையறை, சமையலறை, வெந்நீர்க் கொதிகலன், பெயின்ட், பெட்ரோல் இவற்றினின்று விலகிய, வெயில் படாத, ஈரமற்ற அறையே ஏற்றது. பரண் கூடாது, கோடையில் அது சூளை. காரில் விட்டுவிட்டுப் போவதும் அப்படியே.

மருந்துக்கும் முதுமை உண்டு

இனி இரண்டாவது பகை. 1846-ல் ஷோன்பைன் என்ற சுவிட்சர்லாந்துப் பேராசிரியர் வெடிப்பருத்தியை அறிவித்தார். சமையலறையில் சிந்திய அமிலத்தை மனைவியின் பருத்தி முன்தானையால் துடைத்து, அடுப்பருகே காயப் போட்டபோது அது பளிச்சென்று மறைந்தது என்றொரு கதை உண்டு. கதை எப்படியோ, அடுத்த ஆண்டே, 1847 ஜூலையில், இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் நகரில் வெடிப்பருத்தி ஆலை வெடித்துச் சுமார் இருபது பேர் மாண்டனர். யாரும் தீ வைக்காமலே இப்பொருள் தானாக வெடிப்பது பெரும் புதிராக இருந்தது. 1860-களில் ஃபிரடெரிக் ஏபெல் புதிரை விடுவித்தார். பஞ்சு இழையின் உட்குழலில் கழுவப்படாமல் தங்கிய அமிலமே குற்றவாளி. பஞ்சைக் கூழாக அரைத்துப் பலமுறை கழுவிய பின் பொருள் அடங்கியது.

ஆனால் முற்றிலும் அடங்கவில்லை. நைட்ரோசெல்லுலோஸ் மிக மெதுவாகத் தானே சிதைகிறது. சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளிவருகின்றன. அவை ஈரத்தோடு கூடி அமிலமாகின்றன. அந்த அமிலம் மேலும் சிதைவைத் தூண்டுகிறது. தன் விளைபொருளே தனக்கு வினையூக்கி. தன்வினையூக்கம் என்று நாம் படித்தது இதுதான். வினை வெப்பம் உமிழ்வது. குவியலின் நடுவே வெப்பம் தங்கினால் தானே பற்றிக்கொள்ளும். பிரெஞ்சுக் கடற்படை இதற்கு விலை கொடுத்தது. 1907 மார்ச் 12 அன்று தூலோன் துறைமுகத்தில் 'இயெனா' என்ற போர்க்கப்பல் வெடித்து நூறு பேருக்கு மேல் இறந்தனர். 1911 செப்டம்பர் 25 அன்று அதே துறைமுகத்தில் 'லிபெர்தே' வெடித்துச் சுமார் 300 பேர். போரில்லை, பகைவரில்லை. உள்ளே வைத்திருந்த, வியே கண்டுபிடித்த அதே வகை மருந்து கெட்டுப் போயிருந்தது.

இதற்கு மாற்று, அந்த ஆக்சைடுகளை உண்டாகும்போதே பிடித்துக்கொள்ளும் பொருளைச் சிறிது சேர்ப்பது. அதனை நிலைப்படுத்தி என்பர். அந்தப் பொருள் யாது தெரியுமா? நம் ஆய்வுக்கூடத்தில் ஃபெர்ரஸ் உப்பைப் பொட்டாசியம் டைகுரோமேட்டால் தரம் பார்க்கும்போது துளித்துளியாக விடுகிறோமே, அந்த டைஃபீனைலமீன்தான்! முடிவுநிலையில் அது நீலஊதாவாக மாறுவதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்குத் தூலோன் நினைவு வருகிறது. இன்னொரு வேடிக்கை. ஏபெலும், தெர்மாஸ் குடுவைக்குக் காரணமான தீவாரும் 1889-ல் உருவாக்கிய கார்டைட்டில், குழல் தேயாதிருக்க வாசலைன் சேர்த்தார்கள். அது நிலைப்படுத்தியாகவும் வேலை செய்தது. குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய தொழிற்சாலைக்குப் பெயர் தந்தது இந்தக் கார்டைட்தான்.

நிலைப்படுத்தி தீராத பொருளன்று. ஆக்சைடைப் பிடித்துப் பிடித்து அதுவே செலவாகிவிடும். அதன்பின் மருந்துக்குக் காவல் இல்லை. குளிர்ந்த அறையில் பல பத்தாண்டு நிற்கும் காவல், சூடான அறையில் விரைவில் தீர்ந்துவிடும். 10 பாகை செல்சியஸ் ஏறினால் வினைவேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று நாம் எழுதும் விதி இங்கே நாள்காட்டியாகிறது. 2012 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மின்டன் முகாமில் மருந்துக் கிடங்கு ஒன்று வெடித்தது. பிறகு தேடியபோது 1 கோடியே 50 லட்சம் பவுண்டு பழைய பீரங்கி மருந்து முறையின்றிக் குவிந்து கிடந்தது தெரிந்தது. அதனை எரித்து முடிக்க 2017 ஆயிற்று.

வீட்டில் வைத்திருப்பவர் இதனை எவ்வாறு அறிவது? மூக்கால்தான். நல்ல மருந்தில் ஈதர், ஆல்கஹால் போன்ற இலேசான வாசனை வரும். கெட்டதில் அமில நெடி வரும். மூடியைத் திறந்தால் செங்கபில நிறப் புகையோ, மணிகளின் மேல் துருப்போன்ற தூளோ தெரியும். தகர டப்பாவாக இருந்தால் உட்புறம் அரித்திருக்கும். அத்தகைய மருந்தை வீட்டில் ஒரு நாளும் வைக்கலாகாது. அவ்வூர்த் தீயணைப்புத் துறையினரைக் கேட்டு அவர்கள் சொற்படி ஒழிக்க வேண்டும்.

மேசைமேல் செய்யும் வேலையைப் பற்றிச் சில சொற்கள். ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் மேசையில் இருக்கலாம். வேலை முடிந்ததும் அளவைக் கருவியில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டிவிட வேண்டும். மறுநாள் அது எந்த மருந்து என்று யாருக்கும் நினைவிராது. வேறு பெயர் ஒட்டிய டப்பாவில் மாற்றலாகாது. சிந்தியதை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுவது கூடாது, மோட்டார்ப் பொறி போதும். துடைப்பமும் முறமுமே நல்லவை. பொட்டுகளை மட்டும் மருந்தோடு சேர்க்காமல், ஒவ்வொன்றும் தனிக்குழியில் அமர்ந்த அந்தத் தட்டிலேயே வைக்க வேண்டும். கண்ணாடிக் குப்பியில் மொத்தமாகக் கொட்டி வைத்தால், ஒன்று வெடித்தால் எல்லாம் ஒருசேர வெடிக்கும்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பித்தளைக் கூடும் கிரெயினும் அவருக்குப் புரியவில்லை. டிரங்குப் பெட்டி என்றதும் முகம் மாறியது.

"பூட்டித்தானே வெச்சிருந்தேன்?" என்றார்.

"பூட்டு இல்லைப்பா. அது இறுகி மூடியிருந்ததுதான் தப்பு. காத்து போக வழியில்லாம போயிடும்."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாறையில குழி போட்டு மருந்தப் போட்டா மட்டும் பாறை பொளக்காதுப்பா. மேல களிமண்ணு வெச்சு நல்லா கெட்டிக்கணும். கெட்டிக்கலேன்னா மருந்து பூவாணம் மாதிரி மேல பீச்சிட்டுப் போயிரும், கல்லு அப்படியே கெடக்கும். இது எங்களுக்குத் தெரியாததா?" என்றார். நான் மூன்று மாதம் தேடிப் படித்தது அவருக்கு முப்பது ஆண்டுகளாகத் தெரிந்திருக்கிறது. கட்டிலின் அடியில் இன்னும் கிடக்கும் அந்தப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "தெரிஞ்சுதான் அதையும் கெட்டிச்சு வெச்சிருக்கேன்" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "யாரு, என்ன கெட்டிச்சு வெச்சது?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை.